பழைய டிராக்டர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: '80 மாடல் மாசி 1035' (1980-ல் வந்த மாசி ஃபெர்குசன்) என்று ஒரு டிராக்டரைச் சொல்கிறார்கள். புதுச் சிவப்புப் பெயின்ட் பளபளக்கிறது. நம்பர் டி.என். 74 என்று தொடங்குகிறது. உண்மையான வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: அந்த நம்பரே பாதி சேதியைச் சொல்லிவிடுகிறது. டி.என். 74 நாகர்கோவில் ஆர்.டி.ஓ. குறியீடு. இந்த வரிசை 1989-ஐ ஒட்டித்தான் வந்தது. 1980-ல் தமிழ்நாட்டில் பதிவான வண்டிக்கு மூன்று எழுத்துக்குப் பின் எண் வரும் பழைய நம்பர் இருக்க வேண்டும். மாநிலத்துக்குள் எத்தனை கை மாறினாலும் அது மாறாது. ஆகவே, ஒன்று அது 80 மாடல் இல்லை. அல்லது வேறு மாநிலத்தில் ஓடிவிட்டு இங்கே மறுபதிவு ஆகியிருக்கிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரித்த ஆண்டும் பதிவுத் தேதியும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது உடம்பு. லாரிக்கு இருப்பதுபோல் இந்த டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் மூன்றையும் வரிசையாக போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டி. அதனால் மூன்று வண்டியின் மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒரு வண்டி ஆக்கிவிடவும் முடியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உடைந்து ஸ்பானர் தடம் புதிதாகத் தெரிந்தால் வண்டியைச் சமீபத்தில் பிரித்திருக்கிறார்கள். கிளட்ச் மாற்றவும் அங்கேதான் பிரிக்க வேண்டும், ஆகவே அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல வேண்டாம். 'எதற்குப் பிரித்தீர்கள்?' என்று கேளுங்கள், கிளட்ச் பிளேட் வாங்கிய பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனி பொருத்திய நம்பர் தகடு (டி.என். நம்பர் பலகை அல்ல) ரிவெட் அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா என்பதும் முக்கியம். ஸ்க்ரூ என்றால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரும்பில் குத்திய எண்ணின் மேல் பெயின்ட் அப்பியிருந்தால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே அச்சில் விழ வேண்டும். கிரைண்டர் ஓடிய கோடு தாளில் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லையா? எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுங்கள்.

பெயின்ட்டை நம்பவே வேண்டாம். பேட்டரித் தட்டின் அடியிலும் மட்கார்டின் உள்மடிப்பிலும் ஆணியால் லேசாகச் சுரண்டினால் எத்தனை கோட், என்னென்ன நிறம் என்று தெரியும். சிவப்புக்கு அடியில் நீலம் வந்தால் அந்த மட்கார்டு வேறொரு வண்டியுடையது. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்களும் கம்பெனிக் குறியும் மட்டும் எந்தப் பெயின்ட்டுக்கும் மறையாது. 1035-ல் இருக்க வேண்டியது மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். டீசல் பம்பிலிருந்து, டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு மூன்று குழாய் போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் ஒரு வண்டி விலைக்கு வருகிறது. பல வருடம் தொழி உழவுக்கே (சேற்று உழவுக்கே) ஓடியதாம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், தேரூர்

பதில்: எஞ்சினைவிட முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் வயல்களில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி, ஆக்சில் வரை சேற்றில் இறங்கி ஓடிய வண்டியில் முதலில் போவது ஆயில் சீல்தான். சீல் போனால் எண்ணெய் வெளியே வரும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். பழைய மாசி வகையில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். அதில் தண்ணீர் கலந்தால் பேரிங், பல்சக்கரம், ஹைட்ராலிக் பம்ப் என்று மொத்தமும் கெடும்.

எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தெளிவாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். விற்பவர் நேற்றுதான் புது எண்ணெய் ஊற்றியிருக்கலாம். வண்டி இரவு முழுக்க ஓடாமல் நின்ற பிறகு, காலையில் அடியிலுள்ள டிரெய்ன் பிளக்கைக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். அந்தச் சொட்டை விரலில் தேய்த்தால் சேற்று மணல் நறநறக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு: அந்த எண்ணெயில் இரண்டு துளியைச் சூடான இரும்பில் விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, புகை மட்டும் வந்தால் இல்லை.

பிறகு பின் சக்கரத்தின் உள்பக்கம். பிரேக் டிரம்மின் கீழ் விளிம்பில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால் ஆக்சில் சீல் போய்விட்டது, பிரேக் ஷூவும் எண்ணெயில் ஊறியிருக்கும். ஷூவை மட்டும் மாற்றினால் ஒரு பருவம்கூடத் தாங்காது; சீலையும் பேரிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது இடது, வலது பிரேக்கைத் தனித்தனியே மிதியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டித் திரும்ப வேண்டும்.

பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டைச் சோதிக்கக் கல்டிவேட்டர் மேல் இரண்டு 50 கிலோ மூட்டையைக் கட்டி உச்சிக்குத் தூக்குங்கள். எஞ்சின் ஓடும்போது லிஃப்ட் நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் மளமளவென்று இறங்கினாலும் அதேதான்: பிஸ்டன் ரிங், சிலிண்டர், வால்வு, இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. மெதுவாகச் சில அங்குலம் இறங்குவதைப் பழைய வண்டியில் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கி நிற்கும் கல்டிவேட்டரின் அடியில் யாரும் குனியக் கூடாது. கைகால் போன விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

கடைசியாக முன் ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங் பின் புஷ்ஷும் சென்டர் பின்னும் தேய்ந்திருந்தால் 'கடக் கடக்' என்று சொல்லும். இது பெரிய செலவு இல்லை, விலை பேச உதவும்.

கேள்வி: காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் மறுபடி எடுக்கவே மாட்டேன் என்கிறது. 'பேட்டரிதான், மாற்றினால் சரியாகும்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: பேட்டரி பலவீனம் என்றால் காலையில்தான் முதலில் திணறும். சூட்டில் மட்டும் அடம்பிடிப்பது பெரும்பாலும் டீசல் பம்பின் கோளாறு. வட்ட வடிவ சி.ஏ.வி. கம்பெனி ரோட்டரி பம்பில், உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அதைச் சுற்றியுள்ள ஹெட்டுக்கும் இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. தேய்ந்தால் அது அகலும். டீசல் குளிர்ந்திருக்கும்போது சற்றுக் கெட்டியாக இருந்து சமாளித்துவிடும். சூடானதும் இளகி, ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தக் குறைந்த வேகத்தில் இடைவெளி வழியே நழுவிவிடும். நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைக்காது.

சோதனை எளிது. வண்டியை அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து பம்பின் மேல் போர்த்துங்கள். குளிர்ந்ததும் எடுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், பம்ப்தான். சூடான பம்பின் மேல் தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது, உள்ளே பிடித்துக்கொள்ளும். ஹெட்டும் ரோட்டரும் ஜோடியாகத்தான் வரும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. மாற்றிய பின் டெஸ்ட் பெஞ்சில் அளவு வைக்க வேண்டும். பம்ப் கடையில் அந்தத் தொகையைக் கேட்டு அறிந்துகொண்டு விலையில் கழியுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய வண்டியில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு இல்லை, பம்புக்கோ அந்த டீசல்தான் எண்ணெய்.

உங்களைப் போலவே யார் பார்க்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள் என்று. போனதும் முதலில் எஞ்சின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆன பின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த புகை பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது. பிஸ்டன் ரிங்கும் ஸ்லீவும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) முடிந்துவிட்டன.

கேள்வி: கடற்கரையில் வள்ளம் இழுத்த வண்டி மலிவாகக் கிடைக்கிறது. தென்னந்தோப்புக்கு வாங்கலாமா?
– வாசகர், ராஜாக்கமங்கலம்

பதில்: வேண்டாம். உப்புத் தண்ணீர் முன் ஹப் பேரிங், பிரேக், ஸ்டார்ட்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தின்னும். உதிரிப் பாகத்துக்காக வாங்குவதானால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் ரிம்மை, குறிப்பாக வால்வு ஓட்டையைச் சுற்றி, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும், துரு தின்றது 'டப்' என்னும்.

கேள்வி: ஃபோர்டு 3000 ஒன்று கண்ணில் பட்டது. ஸ்லீவ் மாற்றி ஓட்டலாமா?
– வாசகர், திருவட்டாறு

பதில்: அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் கம்பெனி ஸ்லீவ் போடவில்லை, பிளாக்கிலேயே துளை. தேய்ந்தால் துளையைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அல்லது கடைசல் பட்டறையில் கொடுத்து ஸ்லீவ் இறக்கலாம். ஏற்கெனவே எத்தனை முறை கடைந்தது என்று பிஸ்டன் தலையில் குத்தியிருக்கும் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: நெய்யாற்றின்கரையில் ஒரு வண்டி பேசி வைத்திருக்கிறோம். காகித வேலை என்ன?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: கேரளப் பதிவு என்பதால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். அதை விற்பவரிடமிருந்து கையில் வாங்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள். கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் படிவம் 35-ல் நீக்க வேண்டும். கடன் கட்டி முடித்த ரசீது மட்டும் போதாது. விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் இது பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். அந்தப் பாக்கியை யார் கட்டுவது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.