மே மாசம் நாகர்கோவில் வாறோம், வலசை வர்ற சின்னக் குருவிகளை எந்த பார்க்குல பாக்கலாம்?

மே மாசம்னா லேட்டுங்க. யூடியூப்ல வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு கேக்கீங்கன்னு நெனைக்கேன், அங்க மே மாசம் குருவி வந்து சேர்ற நேரம், நம்ம ஊர்ல அதுவ ஏப்ரல்லயே கெளம்பிப் போயிரும். நானும் மொத வருஷம் ஒரு ஃபிரண்டுகிட்ட பைனாகுலர் கடன் வாங்கிட்டு மே மாசம் போய் நின்னவன்தான், ரெண்டு செம்போத்தும் மண்டை காயுற வெயிலும்தான் மிச்சம்.

இடம்னு கேட்டா தக்கலை பக்கத்துல புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டை. 1741 குளச்சல் சண்டைல மார்த்தாண்ட வர்மாகிட்ட பிடிபட்டு பொறவு அவருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய், அவருக்க கல்லறை இருக்குற கோட்டைதான். இப்ப வனத்துறை பல்லுயிர் பூங்காவா வச்சிருக்கு. வர்றவங்க மானப் பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டு போயிருவாங்க, மரத்து மூட்டுல யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க.

அங்கதான் ஆறுமணிக்குருவி இருக்கும். சருகுக்குள்ள சரசரன்னு கேட்டா ஓணான்னு விட்டுராதீங்க, அது சருகைப் பொரட்டிப் போட்டு புழு தேடிட்டு இருக்கும். பச்சை முதுகு, தோள்ல நீலம், வயித்துக்குக் கீழ செவப்பு, வால் இருக்கா இல்லையான்னே தெரியாது. ஹிந்தில நவரங்னு சொல்லுவாங்க, சரியான பேருதான். ஆனா பார்க்குல பகல்ல அது வாயத் தொறக்காது, சத்தம் கேக்கணும்னா விடியவும் பொழுது சாயவும்தான். எங்க விளைல பலாமூட்டுப் பக்கம் சாயங்காலம் அது ரெண்டு விசில் அடிச்சா ஆச்சி வெளக்கு வைக்க எந்திரிச்சிரும், மணி பாக்காது.

இன்னொண்ணு நாணல் கதிர்க்குருவி. மண்ணு கலர்ல ஒரு அழகும் கெடையாது, பத்துப் பன்னெண்டு கிராம்தான் இருக்கும், குளிர்காலம் முழுக்க வேலிக்குள்ள ஒளிஞ்சுகிட்டு ஸ்விட்ச் போடுற மாதிரி டக் டக்னு மட்டும் சொல்லும். மார்ச் கடைசில போறதுக்கு முன்னால திடீர்னு மத்த குருவி மாதிரியெல்லாம் மிமிக்ரி பண்ணி பாட ஆரம்பிக்கும் பாருங்க, எனக்கு அதுதான் சீசன்லயே பெஸ்ட். பொறவு ரஷ்யா, கஜகஸ்தான் பக்கம் கூடு கட்டப் போயிரும்.

போறத பாக்கணும்னு நெனைக்காதீங்க, இதுவ ராத்திரிதான் பறக்கும். இந்த வருஷம் ஆறுமணிக்குருவிய நான் கடைசியா கேட்டது ஏப்ரல் 19, மறுநாள் ஆச்சி இருட்டுன பொறவும் திண்ணைலயே இருந்துச்சு.

அதனால முடிஞ்சா மார்ச் கடைசி வாரம் வாங்க, இல்லைன்னா அக்டோபருக்குப் பொறவு. லீவு மே மாசம்தான்னா கருந்தலை மாங்குயிலும் தேன்சிட்டும் இங்கதான் இருக்கும், சத்தத்த வச்சு என்ன குருவின்னு சொல்லுற மெர்லின் ஆப் போட்டுட்டு காலைல சீக்கிரம் போங்க. மாசக் கடைசின்னா கொடை எடுத்துக்கிடுங்க, மழை எப்ப பிடிக்கும்னு சொல்ல முடியாது.