விழுங்கும் மருந்து குரல் நாணைத் தொடாது

கேள்வி: இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது; வலி இல்லை. இருமல் மருந்தை மெதுவாக விழுங்கினால் குரல் நாண்களில் படிந்து தெளிந்துவிடும் என்கிறார் நண்பர். எத்தனை நாள் குடிக்கலாம்?

பதில்: அதற்காக ஒரு நாளும் குடிக்க வேண்டாம். விழுங்குவது எதுவும் குரல் நாண்களில் படாது. பட்டால் அந்த நொடியே புரையேறி, கண்ணில் நீர் முட்ட இருமுவீர்கள்.

கழுத்தின் முன்புடைப்பில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விரலுக்கு அடியில் மேலேறி இறங்குகிறதே, அதுதான் குரல்வளை; குரல் நாண்கள் அதற்குள்தான் இருக்கின்றன. விழுங்கும் கணத்தில் அது நாக்கின் அடிப்பகுதியை நோக்கி எழும்பி ஒதுங்குகிறது. மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலுள்ள மடிப்புகளும் நெருங்குகின்றன. குரல்வளையின் மூடி இலைபோல் கவிகிறது. தண்ணீரோ மருந்தோ இருபுறமும் வழிந்து பின்னாலிருக்கும் உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. மூச்சுக்குழாய்க்குக் காவல் நிற்பதுதான் குரல்வளையின் முதல் வேலை; பேச்சு அதற்கு அடுத்ததுதான். நாண்களை எட்டுவது மூச்சுக்காற்றும், அதோடு போகும் ஈரமும் புகையும்தான்.

நாண் என்ற சொல்லைக் கேட்டு வீணைத் தந்தியை நினைத்துவிடாதீர்கள். அவை ஈரமான இரண்டு சதை மடிப்புகள். பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு தடவையும் அதிர்கின்றன. விளிம்பில் கடுகளவு வீக்கம் இருந்தாலே சரியாக ஒட்டாமல் காற்றுக் கசியும், குரல் கம்மும்.

வலி இல்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இடது நாணை அசைக்கும் நரம்பு நெஞ்சுவரை இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி மறுபடி மேலே வருகிறது. ஆகவே, நுரையீரல் பக்கத்தில் வளரும் கட்டிகூட முதலில் குரலில்தான் தெரியலாம். சாதாரணச் சளியால் கட்டிய குரல் இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். 3 வாரம் தாண்டினாலே காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் கடத்தியிருக்கிறீர்கள்!

மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854இல் சிறு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்று மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயைச் செலுத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். இந்த வாரமே போங்கள். புகைபிடிப்பவரானால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.