ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும் எஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கைந்து ஒரே நோயைச் சொல்கின்றன. மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று எஞ்சின் அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் நாள் முழுக்க ஓடிக்காட்டி நம்மைப் பொய்யராக்குகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் வண்டி, இருபது வருடப் பழசு, எஞ்சின் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் மூடிக்குக் கீழே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால், அதுவும் வெயிலில் மேடு ஏறினால், சுவிட்சைத் தட்டினாற்போல் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஃபியூயல் பம்ப், ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை. இன்னும் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, 'சுவிட்சைத் தட்டினாற்போல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பெட்ரோல் போதாமல் நிற்கிற எஞ்சின் அப்படி நிற்காது. முதலில் இழுவை குறையும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறும், இரண்டு மூன்று தடவை குலுக்கிவிட்டு, காலை எடுத்தால் கொஞ்சம் தேறி, அப்புறம்தான் படுக்கும். மின்சாரக் கோளாறு அப்படி முன்னறிவிப்பு எதுவும் கொடுப்பதில்லை. விதிவிலக்கு உண்டு, பம்புக்குப் போகிற மின்சாரமே அறுந்தாலும் ஓரிரு நொடியில் நின்றுவிடும். ஆனாலும் உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் டேங்க் பக்கம் இல்லை. பம்ப் மாற்றியது வீண் செலவு என்று சொல்ல மனம் வரவில்லை, பழைய வண்டிதானே, புது பம்ப் இருந்துவிட்டுப் போகட்டும்.

சூடானால் அணைந்து ஆறினால் பிழைக்கிறது என்றால் என் சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மேல்தான் விழும். எஞ்சினின் கிராங்க் சுற்றும்போது ஒரு பல்சக்கரம் இந்தச் சென்சாரைக் கடந்து போகும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிக்னல் எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டருக்குப் போகும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்தச் சிக்னல் நின்றால் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரும் திறக்காது. பழைய வகைச் சென்சாருக்குள் தலைமயிர் கனத்தில் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும், அதில் எங்காவது விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து அறுந்து நிற்கும், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். உங்கள் அரை மணி நேரம் அதற்குத்தான். சீட்டுக்கு நடுவில் மூடிக்குள் அடைபட்ட எஞ்சின் என்பதால் சூடு வெளியேறவும் வழி குறைவு.

ஸ்கேனரில் ஏன் வரவில்லை? கிராங்க் சென்சாருக்கு பி0335 என்று ஒரு கோடு, அதாவது கோளாறு எண், இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சிக்னல் சட்டென்று காணாமல் போனால் பல கம்ப்யூட்டர்கள் 'சரி, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். கோளாறு இருப்பதாகவே அதற்குத் தெரியாது. அதனால் கோடு இல்லை என்பதை வைத்து சென்சார் நல்லது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த தடவை அணைந்ததும், ஓரம் கட்டிய பிறகு, ஆற விடாமல் உடனே செல்ஃப் அடித்துப் பாருங்கள், அடிக்கும்போது கண் ஆர்பிஎம் முள் மேல் இருக்கட்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை என்றால் சென்சாரோ அதன் ஒயரோதான். சில வண்டிகளில் அந்த மெதுவான சுற்றுக்கு முள் எழும்பாது, அப்போது ஸ்கேனரைச் செருகி ஆர்பிஎம் எண்ணைப் பார்க்க வேண்டும், 150, 200 என்று ஏதாவது வர வேண்டும். சென்சார் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு, அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். சைலன்சர் குழாயில் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் காக்க வேண்டிய வண்டி மூன்று நிமிடத்தில் எழுந்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

முள் அசைகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லையா? அப்போது இன்னொரு வேலை செய்யலாம், எனக்குப் பிடித்த வேலை இது. இரண்டு சின்ன 12 வோல்ட் பல்புகளை எடுத்து, ஒன்றை ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற இக்னிஷன் காயிலுக்கு வருகிற மின்சாரத்திலும் இன்னொன்றை ஃபியூயல் பம்புக்குப் போகிற ஒயரிலும் சேர்த்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, டிரைவர் சீட்டருகே கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள். மின்சார வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஒரு மணி நேர வேலைதான். அணைகிற நொடியில் காயில் பல்பு அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், அதன் ரிலே, ஃபியூஸ் பாக்ஸ், இந்த வழியில் தேட வேண்டும். காயில் பல்பு எரிந்துகொண்டே இருந்து, பம்ப் பல்பு மட்டும் எஞ்சினுக்கு முன்னாலேயே அணைந்தால் பம்ப் ரிலே. எஞ்சின் நின்று ஓரிரு நொடி கழித்து பம்ப் பல்பு அணைந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், சுற்று நின்றுவிட்டது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடும். இந்த முன்பின் வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பல நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன.

இரண்டு பல்பும் எரிகிறது, எஞ்சின் செத்துவிட்டது என்றால் காயில், இக்னிஷன் மாட்யூல் பக்கம் போகலாம், அவையும் சூட்டில் சாகிற ஜாதிதான். மூடியைத் திறந்து, எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் போகிற ஒயர் கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்த குச்சி மாதிரி மொறமொறத்தால், அல்லது எங்காவது இரும்பில் உரசித் தேய்ந்திருந்தால், சென்சாரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: வண்டியை ஓட்டுவது என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வருகிறது. எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடுகிறது என்கிறார். பிரேக்கும் போய்விடுமா?

உடனே போகாது, ஆனால் இருப்பு கொஞ்சம்தான். வேக்குவம் பூஸ்டர் பிரேக்கில் (வெற்றிடத்தின் உதவியால் மிதியை லேசாக்குகிற வகை) எஞ்சின் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மிதிக்கு உதவி மிச்சமிருக்கும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அதனால் விட்டு விட்டு மிதிப்பது கூடவே கூடாது, ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏர் பிரேக் வண்டி என்றால் காற்று டேங்கில் இருக்கும், அதையும் பம்ப் அடித்துத் தீர்த்துவிடக் கூடாது. அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கினால் எச்சரிக்கை ஒலி வரும், இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்து நிறுத்திவிடும், அதுவும் நாம் நினைத்த இடத்தில் இல்லை.

ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் இழுத்தால் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். ஹேஸர்டு விளக்கைப் போடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும், அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வர வேண்டாம். எதைச் செய்தாலும் சாவியை மட்டும் முழுக்கப் பின்னால் திருப்பிவிடக் கூடாது, வண்டி உருளும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. நேரான, காலியான சாலையாக இருந்தால் நியூட்ரலுக்குத் தள்ளி ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்க்கலாம், கியர் டிரைவில் இருந்தால் செல்ஃப் எடுக்காது. இறக்கமோ வளைவோ என்றால் அந்த முயற்சியே வேண்டாம்.

இன்னொன்று, நோட்டும் பேனாவும் உங்கள் கையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எப்போது அணைந்தது, மேடா சமமா, டேங்கில் எவ்வளவு, ஏசி ஓடியதா, டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தனவா, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இப்படி மூன்று தடவை எழுதிய தாளைக் கொண்டுபோனால் மெக்கானிக் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். கோளாறு சரியாகும்வரை நெரிசலான போக்குவரத்திலும் மலைப்பாதையிலும் வண்டியை எடுக்காதீர்கள் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: டீசல் வண்டி, எஞ்சின் பின்னால். டேங்க் நிறைய இருக்கும்வரை ராஜா மாதிரி ஓடும். பாதிக்குக் கீழே போனால் மேட்டில் திணறி நின்றுவிடும். கைப் பிரைமரை (டீசலை ஏற்றுகிற கைப்பம்ப்) நாலு அடி அடித்தால் மறுபடி ஓடும். ஃபில்டர் இரண்டு தடவை மாற்றினேன். கீழே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. அதே டேங்கில் இருந்து எடுக்கும் ஜெனரேட்டர் ஒரு நாளும் நின்றதில்லை.

ஒழுகாது, ஏனென்றால் டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். டேங்க் முன்பக்கம் இருந்தால் வண்டியின் முழு நீளத்துக்கும் அந்தக் குழாய் ஓடுகிறது, அத்தனை கிளாம்ப், அத்தனை இணைப்பு, வெயிலில் வெடித்த அத்தனை ரப்பர் ஓஸ். எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆனால் 'பாதிக்குக் கீழே' என்று சொன்னீர்கள் பாருங்கள், அதனால் எனக்கு டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாய் மேல் சந்தேகம். அதில் நடுவில் ஒரு விரிசல் இருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போது விரிசல் டீசலுக்குள் முழுகி இருக்கும், உறிஞ்சினாலும் டீசல்தான் வரும். மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். மேட்டில் எஞ்சின் அதிகம் கேட்பதால் அங்கே முதலில் தெரிகிறது. ஜெனரேட்டருக்குத் தனிக் குழாய், பெரும்பாலும் டேங்கில் கால் பங்கு மிச்சமிருக்கும்போதே நின்றுவிடுகிற மாதிரி உயரத்தில் வைத்திருப்பார்கள், நாம் ஊர் திரும்ப டீசல் இருக்கட்டும் என்று. அது சரியாக ஓடுகிறது என்றால் டீசலில் தண்ணீர், டேங்கின் காற்றுவழி அடைப்பு இரண்டும் அநேகமாக இல்லை. அநேகமாகத்தான், எஞ்சின் குடிக்கிற அளவு ஜெனரேட்டர் குடிப்பதில்லையே.

செய்ய வேண்டியது இதுதான். பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்குகிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஓஸைத் தற்காலிகமாக மாட்டி, டேங்க் கால் பங்குக்கு வந்ததும் எஞ்சினை ரேஸ் செய்து பாருங்கள். குமிழ் ஓடினால் காற்று. அப்புறம் அதே ஓஸை ஒரு டீசல் கேனில் நேரடியாக விட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழ் நின்றுவிட்டால் கோளாறு ஓஸுக்கும் டேங்குக்கும் இடையில், இல்லையென்றால் பம்ப் பக்கம். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அடுத்த தடவை அறுத்துப் பாருங்கள், கறுப்பாக வழவழவென்று பாசி மாதிரி இருந்தால் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது, டேங்கைக் கழுவாமல் எத்தனை ஃபில்டர் போட்டாலும் அடைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் எஞ்சினோடு டேஷ்போர்டு விளக்கு, ஹாரன் எல்லாம் செத்து, உடனே உயிர் வருகிறது.

இதற்கு ஸ்கேனரே வேண்டாம். எல்லாம் சேர்ந்து சாகிறது என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் லூஸ் கான்டாக்ட். பேட்டரி டெர்மினல், பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் சுவிட்ச், பேட்டரி நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கிற எர்த் பட்டை, இக்னிஷன் சுவிட்ச், இந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். மெயின் சுவிட்சுக்கு உள்ளே தேய்ந்துபோன கதை நிறையப் பார்த்திருக்கிறேன். எர்த்துக்கு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தூணிலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் போடுங்கள். அப்புறம் அந்தச் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பீர் திறப்பான் எல்லாம் சேர்ந்து இக்னிஷனில் தொங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சுவிட்சை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். சாவியைத் தனியாகப் போட்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் நிறுத்தி வைத்த பெட்ரோல் வண்டி. எடுத்த முதல் நாளே நான்கு தடவை அணைந்தது. முன்பு இந்தத் தொல்லை கிடையாது.

பழைய பெட்ரோல், அல்லது எலி. இரண்டையும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், பிசின் படியும், எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும். டேங்கில் இருப்பதை வடித்துவிட்டுப் புதுசு நிரப்பி, ஃபில்டரை மாற்றி ஓட்டுங்கள். அதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையோ, பஞ்சு பஞ்சாகக் கூடோ கண்ணில் பட்டால் பெட்ரோலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பக்கத்து ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.