இசை மேடை: தனி ஆல்பமும் விருந்தாளி வாசிப்பும்

கேள்வி: க்ரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாட்டில் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கிட்டார் வாசித்தார் என்கிறார்கள். ஆல்பத்தில் அவர் பெயரைக் காணோமே?

வாசித்தது அவரேதான். 1969-இல் வந்த அந்த ஆல்பத்தில் ‘லாஞ்ஜெலோ மிஸ்டெரியோசோ’ என்றிருப்பது அவருடைய மாற்றுப்பெயர். ஒப்பந்தத்தில் இருக்கும் கலைஞரின் பெயர் இன்னொரு நிறுவனத்தின் பதிவில் வர, அவருடைய நிறுவனம் சம்மதிக்க வேண்டும். 1968-இல் பீட்டில்ஸின் ‘ஒயிட் ஆல்ப’த்தில் க்ரீமின் எரிக் கிளாப்டன் சோலோ வாசித்தபோதும் உறையில் பெயர் இல்லை. இப்போது உறைகளில் ‘இன்ன நிறுவனத்தின் அனுமதியுடன்’ என்று பொடி எழுத்தில் அச்சாவது இதற்காகத்தான்.

கேள்வி: பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில் ட்ரம்ஸ் வெடித்துச் சட்டென்று அறுந்து நிற்கிறதே, எப்படி?

1980-இல் வந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘இன்ட்ரூடர்’. ட்ரம்ஸ் ஃபில் காலின்ஸ், ஒலிப்பதிவு ஹ்யூ பேட்ஜம். வாசிப்பவர் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்க ஒரு மைக் இருந்தது. அதில் கடுமையான கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டுவரும் கருவி). அதன் வழியே ட்ரம்ஸ் வந்தபோது அறையின் முழக்கம் பூதாகரமாக எழுந்தது. முழக்கம் தேயும் முன்பே நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை அடைக்கும் கருவி) அதை மூடிவிடும். கேப்ரியல் சிம்பலே (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) கூடாது என்று சொல்லியிருந்தது பெரிய உதவி. சிம்பலின் நீண்ட ஒலி கேட்டை மூடவே விடாது.

செய்து பார்க்க விரும்பினால்: ட்ரம்ஸிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி ஒரு மைக், 10:1-க்கு மேல் கம்ப்ரஷன், அதன்பின் கேட். கேட்டைத் திறக்கும் சமிக்ஞையை ஸ்னேர் ட்ரம்மின் அருகில் உள்ள மைக்கிலிருந்து எடுங்கள். அறை மைக்கிலிருந்தே எடுத்தால் கண்ட நேரத்தில் திறக்கும். ஹோல்டை (கேட் திறந்தே இருக்கும் நேரம்) 200 மில்லிசெகண்டில் தொடங்குங்கள். வேகமான பாட்டுக்கு இன்னும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அடியை விழுங்கிவிடும்.

கேள்வி: வேறு ஊரிலுள்ள கிட்டாரிஸ்ட் எங்கள் பாட்டில் சோலோ வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். என்ன அனுப்ப வேண்டும்?

குரலும் ரிதமும் சேர்ந்த ஒரு மிக்ஸ், தனியாக ஒரு க்ளிக் ட்ராக் (தாளத்தை டிக் டிக்கென்று காட்டும் பதிவு). இரண்டும் 24 பிட் வேவ் கோப்புகளாக, ஒரே புள்ளியில் தொடங்கட்டும். டெம்போ, ஸ்ருதி, சோலோ வரும் பார் (தாளச் சுற்று) எண், சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது) ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். சாம்பிள் ரேட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் அவர் பதிந்ததை 44.1 ப்ராஜெக்ட்டில் மாற்றாமல் இறக்கினால், வேகம் குறைந்து ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கிவிடும். எம்பி3 அனுப்பவே வேண்டாம். கோப்பின் தலையில் சேரும் சிறு மௌனம் தாளத்தை நகர்த்திவிடும்.

திரும்பி வரும்போது ஆம்ப் ஒலியோடு, எஃபெக்ட் சேராத டி.ஐ. ட்ராக்கும் (ஆம்ப் இல்லாமல் கிட்டாரிலிருந்து நேரடியாகப் பதிந்தது) கேளுங்கள். டோன் பாட்டோடு ஒட்டாவிட்டால் அதை வேறு ஆம்ப்பில் ஓட்டிப் பதியலாம். சோலோ முதல் பாரில் தொடங்காவிட்டாலும் கோப்பு பாட்டின் ஆரம்பத்திலிருந்தே வரட்டும். உறையில் பெயர் எப்படி வரும், பணமா பங்கா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிஸ் குழுவின் நால்வரும் ஒரே நாளில் வெளியிட்ட தனி ஆல்பங்களில் எதை முதலில் கேட்பது?

1978 செப்டம்பர் 18-இல் வந்த நான்கில், தயங்காமல் ஏஸ் ஃப்ரேலியுடையதை. ஆன்டன் ஃபிக்கின் ட்ரம்ஸ் ஆல்பத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதிலுள்ள ‘நியூயார்க் க்ரூவ்’ அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை ஏறியது.