இந்தியப் பாஸ்போர்ட்டில் பார்படோஸ் சுற்றுலா போக விசா வேண்டுமா?

பார்படோஸுக்கு விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சுற்றுலாவாக 90 நாள் வரை தங்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்களோ, அந்த நாட்டு விசாதான் ஆளைக் கவிழ்க்கும்.

என் மச்சினருக்கு அதுதான் நடந்தது. 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பணம் சேர்த்தார். மயாமி வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, போட்டுவிட்டார். சென்னை விமான நிலைய கவுண்டரில், "அமெரிக்க விசா எங்கே சார்?" என்று கேட்டார்கள். "நான் அங்கே தங்கப் போவதில்லையே, மூன்று மணி நேரம்தானே" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். போர்டிங் பாஸ் தரவில்லை. அமெரிக்காவில் விமானம் மாறினாலே இமிகிரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு சி-1 டிரான்சிட் விசாவோ, பி1/பி2 என்ற சாதாரண வருகை விசாவோ கையில் இருக்க வேண்டும். ஜூன் 29 அன்று இந்தியா கோப்பையை வென்றதை அவர் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தார். இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

லண்டன் வழியாகப் போனாலும் டிக்கெட்டை நன்றாகப் பாருங்கள். ஒரே விமான நிலையத்துக்குள் மாறுவது வேறு. ஹீத்ரோவில் இறங்கி லண்டனின் இன்னொரு விமான நிலையமான காட்விக்கில் ஏறுவது வேறு. இரண்டுக்கும் டிரான்சிட் விசா வகையே மாறும்.

பார்படோஸில் இறங்கியதும் திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவற்றைக் கேட்கலாம். வருகைப் படிவத்தை முன்கூட்டியே அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுடையது இல்லை, மூடிவிடுங்கள். அமெரிக்க டாலரை அங்கே பரவலாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு பார்படோஸ் டாலர்.

அப்புறம், துணி. ராணுவ உடை போன்ற பச்சை-பழுப்புத் திட்டு டிசைன் அங்கே சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும் சேர்த்து. நாங்கள் போனபோது என் பையனின் கார்கோ பேன்ட்டைக் கிளம்பும் முந்தின இரவுதான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தோம். தொப்பி, பையைக்கூட ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் டிரினிடாடும் போகிறீர்களா? மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள இடங்களின் பட்டியலில் அது இருப்பதால், அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதற்கேற்ப முன்பே போய்விடுங்கள்.