பழைய சின்ன கார் வாங்கலாமா? செட்டிநாட்டுக் கேள்விகளுக்குப் பட்டறைக்காரர் பதில்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். வாங்கப்போகும் வண்டியைப் பார்த்துச் சொல்லச் சொல்லி அழைப்பவர்களுக்காகவும் போய் வருவேன். வந்த கேள்விகள் அநேகமாக எல்லாமே பத்து வயது தாண்டிய ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 வகையறாவைப் பற்றியவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வண்டி, 2012 வேகன் ஆர். ஓனர் சென்னையில் இருக்கிறார். திருவிழா, கல்யாணம் என்று ஊருக்கு வந்தால் மட்டும் எடுப்பாராம். மொத்தமே 21,000 கிலோமீட்டர்தான். மார்க்கெட் விலைக்கு மேல் 40,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா அண்ணே?

நம் பக்கத்தில் அதிகம் விலைபோகும் வார்த்தையே இதுதான் தம்பி: "செட்டியார் வீட்டு வண்டி, ஓடவே இல்லை." பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஓடாமல் இருந்ததற்கு எதற்குக் கூடுதல் விலை? ஓடும் வண்டி தேயும், நிற்கும் வண்டி கெடும். இரண்டுக்கும் செலவு உண்டு.

முதலில் டயரைப் பாருங்கள். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரியும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அந்த வயதுக்கு ரப்பர் கெட்டித்து வெடிப்பு விட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மதுரை ரோட்டில் 80-ல் போகக் கூடாது. நான்கு டயரும் பேட்டரியும் மாற்றினாலே 20,000 ரூபாயைத் தொட்டுவிடும்.

அப்புறம் பிரேக். நின்றுகொண்டே இருந்தால் வீல் சிலிண்டர் இறுகும், டிரம்முக்குள் துரு ஏறும். கைபிரேக்கைப் போட்டே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டாங்கியில் பழைய பெட்ரோல் கிடந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் அடைக்கும். ஏசியை ஓட்டாமலே வைத்தால் கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் இறங்கிவிடும்.

எலியை மறந்துவிடாதீர்கள். ஆள் இல்லாத வீட்டு ஷெட் என்றால் எலிக்கு நல்ல வசதி. பானட்டைத் திறந்து பேட்டரிக்குக் கீழேயும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பாருங்கள். தேங்காய் நார், பஞ்சு, புழுக்கை கிடந்தால் ஒயரிங்கை ஓர் எலக்ட்ரீசியனிடம் காட்டாமல் பேச்சை முடிக்காதீர்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை அந்த வேகன் ஆர் நல்ல வண்டி. கே சீரிஸ் எஞ்சின், டைமிங் செயின் உள்ளது, பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டியிருந்தால், வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் இருந்தால், மார்க்கெட் விலை கொடுங்கள். மேலே 40,000 வேண்டாம். செய்யவேண்டிய வேலையைக் கணக்குப் போட்டு நீங்கள்தான் அவரிடம் குறைத்துக் கேட்க வேண்டும்.

தம்பி, எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகன் வெளிநாட்டில். நானே போய்ப் பார்த்தால் எதைப் பார்ப்பது? (பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

ஆச்சி, காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு ஒரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்பக்கம் நில்லுங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளையாக ஆவி வந்து நின்றுவிட்டால் தப்பில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட் வேலை. இரண்டில் எது இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

எஞ்சினை அணைத்து, ஆறியபிறகு ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்பக்கம் பால் விட்ட காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கூலன்ட் டப்பாவில் பச்சையோ சிவப்போ நீலமோ தெரிய வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் துருநிறத்தில் இருக்கும், ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும்.

இவ்வளவு போதும் ஆச்சி. இதில் தேறிய வண்டிக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவர் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது.

இரண்டு லட்சத்துக்குள் எந்த வண்டி எடுக்கலாம்? தேவகோட்டையில் இருக்கிறோம். தினமும் பள்ளிக்கூடம், வாரம் ஒருமுறை காரைக்குடி, எப்போதாவது மதுரை. அப்பாவுக்கு முழங்கால் வலி.

முழங்கால் வலி என்றாலே வேகன் ஆர். குனியாமல் ஏறி இறங்கலாம். 2010-க்குப் பிறகு வந்த கே சீரிஸ் எஞ்சின் உள்ளதாகப் பாருங்கள். அடுத்தது ஐ10, குறிப்பாக 1.2 கப்பா எஞ்சின். சான்ட்ரோ ஜிங்கும் உட்கார நல்ல வண்டி, ஏசி நன்றாக இருக்கும். ஆனால் அதில் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். 2014-ல் நின்றுபோன மாடல் என்றாலும் சாமான் இன்றும் கிடைக்கிறது.

ஆல்ட்டோ மலிவு, மைலேஜ் உண்டு. அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபோர்டு ஃபிகோ ஓட்ட எனக்கே பிடித்த வண்டிதான். ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே பீட் அதற்கும் முன்பே, 2017 முடிவோடு விற்பனையை நிறுத்திவிட்டது. விலை குறைவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஒரு சென்சாருக்காக ஒரு வாரம் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பப் பொறுமை உண்டென்றால் எடுங்கள். தினமும் பள்ளிக்கூடம் என்கிறீர்கள், அதனால் வேண்டாம் என்பேன்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பக்க ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கீழ்மட்ட மாடல்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. ஒரே வண்டியில் ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது) உள்ள மேல் மாடல் கிடைத்தால் 20,000 கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

மீட்டர் திருப்பியிருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

திருப்புவது இப்போது லேப்டாப் வேலை, சில நிமிடம்தான். அதனால் மீட்டரை நம்பாமல் கை, கால் படும் இடங்களைப் பாருங்கள். ஸ்டீயரிங் வழவழவென்று மின்னி, பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருந்தால், மீட்டர் 40,000 காட்டினாலும் அது அவ்வளவு மட்டும் ஓடிய வண்டி இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால் ஒவ்வொரு சர்வீஸின் போதும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஓனரை வைத்துக்கொண்டே கேட்டு வாங்கலாம். மழுப்பினால் விடை கிடைத்துவிட்டது.

கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) ஒரு 2015 ஸ்விஃப்ட், சென்னை நம்பர், பளபளவென்று இருக்கிறது. விலை 60,000 குறைவு. என்னவாக இருக்கும் சார்?

வெள்ளம், இல்லையென்றால் பெரிய அடி. இரண்டையும் பாருங்கள்.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்றது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் முழுகியது. முழுகிய வண்டிகளை இன்சூரன்ஸ்காரர்கள் ஏலம் விடுவார்கள். அவற்றில் சில கழுவித் துடைத்துப் பல ஊர்களுக்கு வரும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி குழியின் ஓரத்தில் வண்டல், வண்டிக்குள் தூக்கலான சென்ட் வாசனை, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் ஓடி வந்துவிடுங்கள். நம் ஊர் செம்மண் தூசி கார்பெட்டில் இருக்கலாம், அது இயல்பு. கறுப்பு வண்டல் நம் ஊர்ச் சமாச்சாரம் இல்லை.

அடி பட்டதா என்று பார்க்க பம்பரைப் பார்த்துப் பயன் இல்லை. பம்பருக்குப் பெயின்ட் அடிக்காத பழைய வண்டியே கிடையாது. பானட் கீல், முன் ஃபெண்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பிறகு கதவு ரப்பரை லேசாக இழுத்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக இருக்கும். டிங்கர் வைத்த வெல்டிங்கில் அந்த ஒழுங்கு வராது. கதவுத் தூணிலோ கூரையிலோ கைவைத்த வண்டி எவ்வளவு மலிவு என்றாலும் எனக்கு வேண்டாம். கதவில் பட்டி போட்டது, கோடு விழுந்தது எல்லாம் விலை பேச மட்டும்.

தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் ஓடிய வண்டி என்றால் அடிப்பாகத்தையும் தூக்கிப் பாருங்கள். கடல் காற்று கீழிருந்துதான் தின்னும்.

ஓட்டிப் பார்க்கும்போது எவ்வளவு தூரம் போக வேண்டும்?

காரைக்குடி என்றால் பிள்ளையார்பட்டி வரை போய் வாருங்கள், தரிசனமும் ஆகும். போக ஒரு 12 கிலோமீட்டர், அது போதும். கிளம்பும்போது பாட்டைப் போட விடாதீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், வேகத்தடையில் லிங்க் ராடும் புஷ்ஷும் (சஸ்பென்ஷன் சாமான்கள்) தட்டினால் கேட்கும். 80-ல் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ் அல்லது ரிம் வளைவு. கோவிலில் நிறுத்தி, ஏசி ஓட, எஞ்சின் அணையாமல் பத்து நிமிடம் விடுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகக் கூடாது, ஃபேன் தானாக ஓடி நிற்க வேண்டும்.

நம் பக்கம் மேடு இல்லாததால் கிளட்ச் தேய்ந்தது தெரியாமலே ஓடும். சமதளத்தில் கைபிரேக்கை இறுக்கிப் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமினால் பிளேட் மாற்றும் செலவு உங்களுடையது.

அப்பச்சி (அப்பா) பெயரில் இருந்த வண்டியைப் பிள்ளைகள் விற்கிறார்கள். அப்பச்சி தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் மாற்றவில்லை. "கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார்கள்.

கவலைப்படுங்கள். இறந்தவர் முன்பு போட்டு வைத்த கையெழுத்தை வைத்துப் பெயர் மாற்றுவது மோசடி. பின்னால் ஒரு வாரிசு தகராறு செய்தால் வண்டியும் போகும், பணமும் போகும். சரியான வழி, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 கொடுத்து முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றுவது. விதிப்படி ஓனர் இறந்து மூன்று மாதத்துக்குள் இதைச் செய்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்த வாரிசு பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு விற்கலாம். ஒரு பிள்ளை சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

டெல்லி நம்பர் டீசல் கார் பாதி விலைக்கு வருகிறது. பாண்டிச்சேரி நம்பரும் சொல்கிறார்கள்.

டெல்லியில் டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கட்டுப்பாடு வந்ததால் அங்கே விலை விழுந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் வேறு மாநில வண்டி எதுவானாலும் அங்கிருந்து படிவம் 28 கொடுத்து வாங்கும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே ஆயுள் வரி, புது நம்பர் என்று வரிசையாக வேலை இருக்கிறது. வரியையும் அலைச்சலையும் கூட்டினால் பாதி விலை முக்கால் விலை ஆகும். டீசல் மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

15 வருடம் முடியப்போகும் வண்டி?

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டிப் பதிவை ஐந்து வருடம் புதுப்பிக்கலாம். மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வயது தாண்டினால் 10,000 என்று 2025-ல் உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. இது எல்லாவற்றையும் விற்பவரே முடித்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். தயங்கினால் வண்டி எஃப்.சி. தாண்டாது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டிக்கு ஆகாதாமே?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள்தான் அதற்கு ஏற்ற ரப்பர், உலோகத்தோடு வருகின்றன. பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், பெட்ரோல் ஹோஸ் சீக்கிரம் வெடிக்கலாம். வாங்கும்போது பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு, விட்டுவிட்டால் தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

இன்சூரன்ஸ் ஓனர் பெயரிலேயே இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பழைய ஓனருடையது, அது வண்டியோடு வராது. வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்பதை அரசின் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டே பார்க்கலாம். கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம்.

வீட்டு ஷெட்டில் ஐயா காலத்துப் பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது. அதைக் கொடுத்துவிட்டு ஐ10 எடுக்கலாமா?

பத்மினிக்கு நான் விலை சொன்னால் உங்கள் வீட்டில் சண்டை வரும். என்னை விட்டுவிடுங்கள்.

ஆடி மாதம் வண்டி வாங்கலாமா அண்ணே? வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஆடியில் கன்சல்டிங் வாசலில் ஆளே இருக்காது, விலை பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது. வண்டியை இப்போதே பார்த்து, மெக்கானிக்கிடம் காட்டி, விலையை முடித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு 5,000 அட்வான்ஸ் கொடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் மீதியைக் கொடுத்து வண்டியை எடுங்கள். எடுக்கும் நாளிலும் ஒருமுறை ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி, பேட்டரி எல்லாம் நீங்கள் முதலில் பார்த்ததுதானா என்று சரிபார்த்துவிடுங்கள். இடையில் மாறிப்போகும் சாமான்களில் பேட்டரிக்குத்தான் முதலிடம்.