சுறா கடித்தால் யார் எழுதி வைக்கிறார்கள்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உலகில் எங்கே சுறா கடித்தாலும் ஒரே இடத்தில் பதிவாகிறதாமே சார்?

ஓரளவுக்கு. சர்வதேச சுறா தாக்குதல் கோப்பு 1958-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் பணத்தில் தொடங்கியது. போரில் கப்பல் மூழ்கிக் கடலில் தத்தளித்தவர்களைப் பற்றிய கவலைதான் காரணம். இப்போது அது புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 6,000-க்கும் மேற்பட்ட சம்பவங்கள். ஆஸ்திரேலியாவுக்கு 1984 முதல் தனிப் பதிவேடு உண்டு.

வலையிலிருந்து எடுக்கும்போது மீனவரைக் கடித்தால் அதுவும் கணக்கா?

பதிவாகும். ஆனால் 'தூண்டப்பட்டது' என்ற பிரிவில். தன் பாட்டுக்கு நீந்துகிறவரைக் கடித்தால் 'தூண்டப்படாதது'. படகைக் கடித்தது, ஏற்கெனவே இறந்த உடலைக் கடித்தது எல்லாம் வேறு வேறு பிரிவுகள். செய்திகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2023-இல் 69, 2024-இல் 47 என்று படித்தேன். சுறாக்கள் குறைந்துவிட்டனவா?

அப்படிச் சொல்ல முடியாது. அவை தூண்டப்படாத கடிகளின் எண்ணிக்கை மட்டுமே. கடலில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கணக்கு கூடவே இல்லை. ஒரு கோடைக்காலம் சரியில்லையென்றாலே எண் இறங்கிவிடும்.

எந்தச் சுறா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்களே அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. அந்தப் பதற்றத்தில் பார்த்ததை மட்டும் நம்ப முடியாது. காயத்தின் வளைவு எவ்வளவு அகலம், ஒரு பல் தடத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தால் சுறாவின் நீளம் தோராயமாகத் தெரியும். எலும்பிலோ அலைச்சறுக்குப் பலகையிலோ ரம்பம் இழுத்தது போன்ற கீறல் இருந்தால், பல் விளிம்பு எப்படிப்பட்டது என்று புரியும். பல் துண்டு ஒன்று சிக்கிக் கிடந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. இப்போது காயத்திலும் பலகையிலும் பஞ்சால் ஒற்றியெடுத்து டிஎன்ஏ பார்க்கவும் முடிகிறது.

மனிதரைக் கடித்த சுறாக்களின் பட்டியலில் வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா மூன்றும் முன்னால் நிற்கும். ஆனால் அதை எச்சரிக்கையோடு படியுங்கள். வெள்ளையையும் புலியையும் அடையாளம் காண்பது சுலபம். காளைச் சுறாவின் நெருங்கிய உறவுச் சுறாக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், அவை கடித்த பல சம்பவங்கள் 'இனம் தெரியவில்லை' என்றே நின்றுவிடுகின்றன.

கோப்பை நாங்கள் பார்க்கலாமா?

சுருக்கமான புள்ளிவிவரம் எல்லோருக்கும் கிடைக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளும் மருத்துவக் குறிப்புகளும் உள்ள முழுக் கோப்பு, விண்ணப்பித்து அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டும். அந்தக் குடும்பங்களை நினைத்தால் இது சரிதான்.

நம் கண்ணெதிரே நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள், அழுத்திப் பிடியுங்கள். ஆள் பிழைப்பதுதான் முக்கியம். அப்புறம், தையல் போடுவதற்கு முன் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் காயத்தைப் படமெடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீச்சலுடையையும் பலகையையும் கழுவாதீர்கள். நேரம், ஆழம், தண்ணீர் கலங்கலா தெளிவா, பக்கத்தில் மீன் கூட்டம் இருந்ததா என்பதை அன்றே எழுதி வையுங்கள்.